பிறக்காதவனுக்கு ஒரு நினைவுச் சுவர்

 

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் மேற்படிப்புக்காகப் பிரிட்டன் சென்று, வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபில் தங்கிப் படித்து வருகிறார். சில வாரங்களுக்கு முன் அவரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. கடலோர மரநடைபாதையை ஒட்டிய ஒரு சுவர்; அதில் கடிதங்கள், கையால் வரைந்த படங்கள், காய்ந்த பூக்கள். கீழே அவர் எழுதியிருந்தார்:

“ஹஜ்ரத், இது இறந்துபோன ஒருவருக்கான நினைவிடம். ஆனால் அந்த மனிதர் பிறக்கவே இல்லை. தொலைக்காட்சித் தொடரில் வரும் ஒரு பாத்திரம். படப்பிடிப்பு நடந்த இடங்களைச் சுற்றிப் பார்க்க வகுப்புத் தோழர்களுடன் போயிருந்தேன். அவர்களில் ஒரு பெண் சுவரின் கீழே பூ வைத்தாள். என்னிடமும் ஒரு பூவை நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. நான் செய்தது சரியா? அங்கே போனதே தவறா?”

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இத்தகைய இடங்களுக்குப் போகாதீர், நேரத்தை வீணாக்காதீர் என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டோம். அனுப்புவதற்கு முன் அதை அழித்தும்விட்டோம். தூர தேசத்தில் தனியே இருக்கும் இளைஞர் ஒருவர் மனம் திறந்து கேட்டிருக்கிறார். அவசரமாக ஒரு கதவைச் சாத்தினால் அடுத்த கேள்வியோடு அவர் நம்மிடம் வரமாட்டார். ஆகவே அந்த நகரத்தைப் பற்றித் தேடிப் படித்த பின்னரே பதில் எழுதினோம். அப்போது அறிந்ததையே இங்கே குடும்பங்களோடு பகிர விரும்புகிறோம்.

திரையில் ஒரு நகரம்

பிபிசி நிறுவனத்தின் ‘டாக்டர் ஹூ’ 1963இல் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர். காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் ஒருவர், பழைய காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு வடிவிலுள்ள நீல நிற வண்டியில் உலகங்களைச் சுற்றி வருவதே கதை. 1989இல் நின்றுபோன அத்தொடர் 2005இல் மீண்டும் தொடங்கியபோது, பிபிசி வேல்ஸ் அதனைக் கார்டிஃபிலிருந்து தயாரித்தது. அன்று முதல் அந்நகரத்தின் தெருக்களும் கடைவீதிகளும் பல முறை இலண்டனாகவும் வேற்றுக் கோள்களாகவும் வேடம் பூண்டன. முதல் அத்தியாயத்தில் கடைப் பொம்மைகள் உயிர்பெற்று மக்களைத் தாக்கும் காட்சி இலண்டனில் நடப்பதாகக் கதை சொல்லும். அது எடுக்கப்பட்டது கார்டிஃபின் குயின்ஸ் ஆர்கேட் வணிக வளாகத்தில்.

அத்தொடரிலிருந்து கிளைத்த ‘டார்ச்வுட்’ 2006இல் வந்தது. இது கார்டிஃபையே கதைக்களமாகக் கொண்டது. கார்டிஃப் விரிகுடாவில், வேல்ஸ் மில்லேனியம் சென்டர் அரங்கின் முன்னுள்ள ரோல்ட் டால் பிளாஸ் என்னும் சதுக்கத்தில் உயரமான நீர்க்கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் ஓர் இரகசிய நிலையம் இருப்பதாக அத்தொடர் கற்பனை செய்தது. அந்த நிலையத்தின் வாசலாகக் காட்டப்பட்ட கதவு அருகிலுள்ள மரநடைபாதையில் இருக்கிறது. 2009இல் ஐயான்டோ ஜோன்ஸ் என்னும் பாத்திரம் கதையில் இறந்தபோது, இரசிகர்கள் அவ்விடத்தில் பூக்களும் கடிதங்களும் வைக்கத் தொடங்கினர். ஆண்டுகள் கடந்தும் அந்த நினைவுச் சுவர் நீடிக்கிறது. நினைவுப் பலகையும் பதிக்கப்பட்டுள்ளது. சுற்றுலாப் பயணிகள் அதைத் தேடி வருகிறார்கள்.

‘டார்ச்வுட்’ வயதுவந்தோருக்கென எடுக்கப்பட்ட தொடர். அதன் காட்சிகள் பலவும் நம் வீட்டுக் கூடத்தில் ஓடத் தக்கவை அல்ல. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாணவர் கேட்டது தொடரைப் பற்றியன்று. அந்த இடத்தைப் பற்றியும் அந்தப் பூவைப் பற்றியும்.

பூவைப் பற்றி

பூ வைத்த அந்தப் பெண் சிலை வணங்கவில்லை. அவள் உள்ளத்தில் இருந்தது ஓர் இளக்கம். பாதி விளையாட்டு, பாதி உண்மையான வருத்தம். பெற்றோரைவிட்டுத் தொலைவில் வாழும் பல இளையோருக்கு இத்தகைய கதைமாந்தர் துணைபோல் இருந்திருக்கிறார்கள். அதைப் பரிகசிப்பது நமக்கு அழகன்று.

ஆயினும் நம் மாணவர் அப்பூவை வாங்கத் தயங்கியது வெறும் கூச்சமன்று. அது அவர் ஓதிய பாடத்தின் பயன். நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தார் வணங்கிய வத்து, சுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ர் ஆகியோரைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அவர்கள் தம் காலத்தில் நல்லோராக வாழ்ந்தவர்கள். அவர்கள் மறைந்தபின், அவர்கள் அமர்ந்திருந்த இடங்களில் நினைவுச் சின்னங்கள் நடப்பட்டன. முதல் தலைமுறை வணங்கவில்லை. அறிவு அழிந்தபின் வந்தவர்களே வணங்கத் தொடங்கினர். இடத்தோடும் உருவத்தோடும் உள்ளம் எவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்கிறது என்பதை அறிந்த மார்க்கம் நம்முடையது. அந்த எச்சரிக்கை உணர்வு அவரிடம் விழித்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

“நீர் பூவை வாங்காததில் தவறில்லை. வாடிய முகத்தோடு அப்பெண்ணை விட்டுவந்ததில்தான் சிறு குறை இருக்கிறது. காரணத்தை இன்சொல்லால் விளக்கியிருக்கலாம்” என்று எழுதினோம்.

போனதே தவறா என்ற கேள்வி எஞ்சி நின்றது. அதற்குப் பதில் தேடும்போதுதான் அந்தச் சதுக்கத்தின் அடியில் உண்மையிலேயே என்ன இருந்தது என்று பார்த்தோம்.

சதுக்கத்தின் அடியில்

கதை சொல்லும் இரகசிய நிலையம் அங்கே இல்லை. அவ்விடம் ஒரு காலத்தில் கப்பல்கள் நுழைந்த நீள்வட்டப் படுகை. பியூட் மேற்குத் துறை 1839இல் திறக்கப்பட்டபின், வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் நிலக்கரி அவ்வழியே உலகெங்கும் சென்றது. 1913இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி கார்டிஃபிலிருந்து ஏற்றுமதியானது.

அந்த நிலக்கரியைக் கப்பலின் அடித்தளத்தில், கொதிகலன் முன் நின்று அள்ளிப் போட்டவர்கள் யார்? ஏமன் நாட்டவர், சோமாலியர், இந்தியத் துணைக்கண்டத்தின் லஸ்கர்கள். கப்பல்கள் கரிபிடிக்க நின்ற ஏடன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பல கடல்களைக் கடந்து கார்டிஃபில் இறங்கியவர்கள் அவர்களில் பலர். துறைமுகத்தை ஒட்டிய பியூட்டவுன் பகுதியில், டைகர் பே என்று உலகம் அறிந்த அந்த வீதிகளில், அவர்கள் குடியேறினார்கள். வேல்ஸ் நாட்டுப் பெண்களை மணந்து குடும்பமானார்கள். 1919 ஜூன் மாதம் அவர்களைக் குறிவைத்து இனக்கலவரம் வெடித்தது, உயிர்கள் பலியாயின. ஆனாலும் அவர்கள் அங்கேயே நிலைத்தார்கள்.

1936இல் ஏமனைச் சேர்ந்த ஷைகு அப்துல்லாஹ் அலீ அல்ஹகீமி அவர்கள் கார்டிஃப் வந்து, அச்சமூகத்தை மார்க்கத்தின் அடிப்படையில் ஒருங்கிணைத்தார்கள். பீல் வீதியில் நூருல் இஸ்லாம் பள்ளிவாசல் எழுந்தது. 1941 ஜனவரியில் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் அது அழிந்தது. போர் முடியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை; 1943இல் அங்கே மீண்டும் பாங்கு ஒலித்தது. பிரிட்டன் அரசு அப்போது எடுத்த புகைப்படங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. தொழுகை, விருந்து, தலைப்பாகை அணிந்த மாலுமிகள், குர்ஆன் பாடம் படிக்கும் சிறுபிள்ளைகள். நாள்தோறும் மத்ரஸாவில் பிள்ளைகளின் முன் அமரும் நம்மால் அந்தப் படங்களை எளிதில் கடந்துபோக முடியவில்லை. குண்டு விழுந்த தெருவிலும் யாரோ ஒருவர் அமர்ந்து அலிஃப், பா சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

மறுசீரமைப்பு என்ற பெயரில் பழைய வீதிகள் பல பின்னாளில் இடிக்கப்பட்டன. ஆயினும் பியூட்டவுனின் ஆலிஸ் வீதியில் இன்றும் பள்ளிவாசல் இருக்கிறது. நம் மாணவர் ஜும்ஆ தொழச் செல்வதும் அங்கேதான். நினைவுச் சுவருக்கும் அதற்கும் இடையே நடந்து செல்லும் தூரமே.

கதையாகாத ஒரு மனிதர்

அதே பியூட் வீதியில் 1952 மார்ச் 6 அன்று லில்லி வோல்பர்ட் என்னும் யூதப் பெண் தம் கடையில் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக மஹ்மூத் ஹுசைன் மத்தான் கைது செய்யப்பட்டார். இன்றைய சோமாலிலாந்தின் ஹர்கெய்ஸா ஊரைச் சேர்ந்த முன்னாள் மாலுமி; லாரா என்னும் வேல்ஸ் பெண்ணின் கணவர்; மூன்று ஆண் பிள்ளைகளின் தந்தை. தாம் நிரபராதி என்றே இறுதிவரை சொன்னார். நீதிமன்றத்தில் அவருக்காக வாதாட வந்த வழக்கறிஞரே, பாதி நாகரிகம் மட்டுமே அடைந்த காட்டுமிராண்டி என்னும் பொருளில் அவரைப் பற்றிப் பேசினார். 1952 செப்டம்பர் 3 அன்று கார்டிஃப் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அச்சிறையில் தூக்கிலிடப்பட்ட கடைசி மனிதர் அவரே.

லாரா ஓயவில்லை. கறுப்பினத்தவரை மணந்தவள் என்ற ஏச்சு ஒருபுறம், கொலைகாரனின் மனைவி என்ற பழி மறுபுறம். இவற்றினூடே பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, கணவரின் பெயரைத் துடைக்கப் போராடினார். 1996இல் சிறை வளாகத்திலிருந்த உடலை மீட்டு, நகரின் மேற்கு மையவாடியில் முறைப்படி அடக்கம் செய்யக் குடும்பத்தார் அனுமதி பெற்றனர். 1998 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. தவறான தீர்ப்புகளை மறுஆய்வு செய்ய அமைக்கப்பட்ட ஆணையம் நீதிமன்றத்துக்கு அனுப்பிய முதல் வழக்கு அதுதான். தூக்கிலிட்டு 70 ஆண்டுகள் கழித்து, 2022இல், சவுத் வேல்ஸ் காவல்துறை மன்னிப்புக் கேட்டது. அப்போது லாராவும் உயிருடன் இல்லை. மூன்று மகன்களும் இல்லை.

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

திரைக்கதையில் வரும் மருத்துவர் காலத்தைப் பின்னோக்கிச் சென்று தவறுகளைத் திருத்துவார். லாராவிடம் அத்தகைய வண்டி எதுவும் இல்லை. அவர் 45 ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு நாளாக நடந்தே அத்தவறு திருத்தப்படும் நாளை அடைந்தார். பிறக்காத ஒருவனுக்காகக் கடிதங்கள் குவியும் அதே நகரத்தில், அநீதியால் கொல்லப்பட்டவர் என்ற கருத்தைச் சுமக்கும் கல்லின் கீழ் நம் சகோதரர் ஒருவர் உறங்குகிறார். அவரைத் தேடிச் சென்று ஸலாம் சொல்பவர்கள் எத்தனை பேர்?

எந்தக் கண்ணோடு பயணம்?

பூமியில் பயணம் செய்து, முன் சென்றவர்களின் முடிவு எவ்வாறு ஆனது என்று பார்க்கும்படி அல்குர்ஆன் பல இடங்களில் அறிவுறுத்துகிறது. ஆகவே ஊர் சுற்றுவதை மார்க்கம் வெறுக்கவில்லை. எத்தகைய பார்வையோடு சுற்றுகிறோம் என்றே கேட்கிறது. ஸமூது கூட்டத்தார் அழிந்த ஹிஜ்ர் பகுதியைத் தபூக் பயணத்தின்போது கடந்த நபி (ஸல்) அவர்கள், அங்கே அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாம் என்று தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். பாறையைக் குடைந்து கட்டிய வீடுகளின் அழகு கண்ணை ஈர்க்கும். அங்கே நடந்தது என்ன என்பதை மறக்கச் செய்யும். ஓர் இடத்தைப் பார்ப்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு என்பதை நபியவர்கள் கற்பித்தார்கள்.

பகரா அத்தியாயத்தில் பாழடைந்த ஊர் ஒன்றைக் கடந்து சென்ற மனிதரின் வரலாறு வருகிறது. விரிவுரையாளர் பலர் அவரை உஸைர் (அலை) என்பர். இவ்வூரை இறந்த பின் அல்லாஹ் எவ்வாறு உயிர்ப்பிப்பான் என்று வியந்து நின்ற அவரை அல்லாஹ் 100 ஆண்டுகள் மரணிக்கச் செய்து எழுப்பினான். அவருக்கோ ஒரு நாளோ அதிலும் குறைவோதான் கழிந்ததாகத் தோன்றியது. காலப் பயணக் கதைகளில் நம் பிள்ளைகளுக்குள்ள ஆர்வத்தைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. காலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்களை அழைத்துச் செல்ல அது நல்ல வாசல். அவ்வாசலில் நின்று அவர்களோடு பேச நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்பதே கவலை.

படப்பிடிப்பு நடந்த தெருவில் ஒரு மாலை நடப்பது மட்டுமே பாவம் என்று நாம் சொல்லமாட்டோம். தொழுகை தவறவில்லை, விலக்கப்பட்டது எதிலும் பங்கில்லை என்றால், அது ஒரு நடைதான். ஆனால் திரை காட்டியதைத் தவிர வேறெதையும் பார்க்காத கண் ஒரு பெரிய நஷ்டம். அந்தச் சதுக்கத்தில் நிற்பவர் இல்லாத நிலையத்தை மனக்கண்ணால் காண்கிறார். இருந்த துறைமுகத்தைக் காண்பதில்லை. இதையே நாம் அஞ்சுகிறோம். புனைவுக்காக ஈரமாகும் கண், உண்மையில் வாழ்ந்து மடிந்தவனுக்காக வறண்டுவிடக் கூடாது.

நம் வீட்டுக்குத் திரும்புவோம்

இது கார்டிஃபுக்கு மட்டும் உரிய குறையன்று. கொடைக்கானலில் பிசாசின் சமையலறை என்னும் பொருளில் ஆங்கிலப் பெயர் பெற்றிருந்த குகை, 1991இல் வெளியான திரைப்படத்துக்குப் பின் குணா குகை ஆயிற்று. 2024இல் வந்த மலையாளப் படத்துக்குப்பின் கூட்டம் மேலும் பெருகியது. விடுமுறைக்கு அங்கே போகும் நம் குடும்பங்கள் எத்தனை! அதில் குற்றமில்லை. ஆனால் நம் ஊர் ஜும்ஆ பள்ளியின் பழைய கல்தூண்களைச் செதுக்கியவர் யார், கடலோடிச் சென்று திரும்பாத நம் முன்னோர் எத்தனை பேர், மையவாடியின் ஓரத்தில் எழுத்து மங்கிய மீஸான் கல் யாருடையது என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? தெரியாது என்பதே பெரும்பாலும் நம் பதிலாக இருக்கும். ஆசிரியராகிய நாமும் இதில் விலக்கல்ல.

எனவே பெற்றோரிடம் சில வேண்டுகோள்கள். பிள்ளைகள் ஏதேனும் ஓர் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், முதலில் அது யாருடைய இடமாக இருந்தது என்று அவர்களையே தேடிச் சொல்லச் சொல்லுங்கள். இன்றைய பிள்ளைகளுக்குத் தேடுவது கடினமன்று. தேடத் தூண்டுவோர்தாம் குறைவு. பயணத் திட்டத்தில் உணவகத்தைக் குறிப்பது போலவே தொழும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்குச் சென்றாலும் அங்குள்ள நம்மவர் மையவாடியில் சற்று நின்று துஆச் செய்யுங்கள். அடங்கியிருப்போர் நம்மை அறியாதவர்களாக இருக்கலாம்; ஸலாமுக்கு உரியவர்களே. பிள்ளைகள் பார்க்கும் தொடர்களைக் கேளாமலே கண்டிக்காதீர்கள். எந்தப் பாத்திரத்துக்காக அழுதாய் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலில் அவர்களுடைய தனிமையும் தேவையும் தெரியவரும்.

அவர் அனுப்பிய இரண்டாவது படம்

இவற்றையெல்லாம் நீண்ட மடலாக எழுதி அனுப்பினோம். பத்து நாள் பதில் இல்லை. அதிகமாக உபதேசித்துவிட்டோமோ என்று உள்ளூர வருந்தினோம். பிறகு ஒரு படம் வந்தது. மழையில் நனைந்த புல்வெளி, ஒரு கப்ருக் கல். அருகே இரண்டு குடைகள்.

“ஹஜ்ரத், அன்று பூ நீட்டிய தோழியிடம் காரணத்தைச் சொன்னேன். மஹ்மூத் மத்தானைப் பற்றியும் சொன்னேன். அவள் இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். பெயரை மட்டும் கேட்டிருக்கிறாள். பார்க்க வேண்டும் என்றாள். அவளுடைய அம்மாவும் உடன் வந்தார்கள். நான் துஆச் செய்து முடிக்கும்வரை இருவரும் மழையில் நின்றார்கள்” என்று எழுதியிருந்தார்.

அந்த மடலைப் படித்தபின் நமக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. ஜஸாக்கல்லாஹு கைரா என்று மட்டும் எழுதினோம்.

வல்ல அல்லாஹ், அநீதியாக உயிரிழந்த நம் சகோதரரின் பிழைகளைப் பொறுத்து அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக! கடல்கள் கடந்து சென்று அந்நிய மண்ணில் பள்ளிவாசல் எழுப்பிய அந்த மாலுமிகளின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக! பயணங்களில் படிப்பினை பெறும் கண்களை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.